ஒரு பேருந்துத் தடமும் மூன்று துறைகளும்: டெல்டாவிலிருந்து இதழ்களுக்கு எழுதுவது எப்படி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் பேருந்தில் சன்னலோரமாக உட்கார்ந்தால் சிறிது தூரத்தில் ஆடுதுறை வரும். 1922இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டியதும் நாதஸ்வரத்தைக் கடைந்து செய்யும் நரசிங்கம்பேட்டை, அடுத்தாற்போல் அந்த நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கட்டும் வீடுகளும் பழைமையான சைவ ஆதீனமும் உள்ள திருவாவடுதுறை, பிறகு குத்தாலம். மயிலாடுதுறையில் இறங்கி வேறு வண்டி பிடித்தால், வடக்கே நோய் தீர்க்கும் தெய்வமாக மக்கள் வணங்கும் வைத்தீசுவரன் கோயில். கடலோரத்தில், டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. கலை, மருத்துவம், வரலாறு ஆகிய மூன்றையும் பற்றி இதழ்களில் எழுத விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வந்து எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்கும்போது, முதலில் இப்படி ஒரு பேருந்துத் தடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். இதழியல் பட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. ஆனால் தடம் இல்லாமல் இந்தத் தொழிலில் நிலைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

காரணம் எளியது. பெரிய இதழ்களின் அலுவலகங்களில் கலைக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், வரலாற்றுத் தொடருக்கு ஒருவர் என்று ஏற்கெனவே ஆள் இருப்பார்கள். அவர்களோடு அவர்களுடைய துறையில் போட்டியிட்டு, பாபநாசத்திலோ நன்னிலத்திலோ இருக்கும் ஒருவர் இடம்பிடிப்பது கடினம். அதே அலுவலகத்தில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிலத்தை மூன்று கோணங்களிலும் அறிந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இடம்தான் உங்களுக்குரியது.

மேலும், இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தது பத்திரிகை அலுவலகமே தவிர, இந்த மண் அல்ல. தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தைத் தமிழிசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை அச்சிட்டார். அவரைப் பற்றி எழுத வருபவர் இசைப் பகுதிக்கா, மருத்துவப் பகுதிக்கா, வரலாற்றுப் பகுதிக்கா எழுதுவார்? அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார், தம் குலத்தின் வரலாற்றை 1803இல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டவும் செய்தார். கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரையச் செய்து, நோயின் போக்கையும் கொடுத்த மருந்தையும் பக்கத்தில் குறித்து வைத்த அவருடைய ஏடுகள் இன்றும் அந்த நூலகத்தில் உள்ளன. அது மருத்துவக் குறிப்பும்தான், ஓவியமும்தான், ஆவணமும்தான்.

தடம் அமைந்ததும் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அதன் இடப்பக்கத்தில் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் பிறர் சொல்லக் கேட்டதை, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். மூன்று துறைகளுக்கும் இந்த ஒரே பழக்கம் போதும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நான் செய்த பிழைகள் அனைத்தும் வலப்பக்கத்தில் இருந்ததை இடப்பக்கத்தில் இருந்ததுபோல் எழுதியதால் வந்தவையே. எவர் எதைச் சொன்னாலும் அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாக வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. பெரியவர் ஒருவரிடம் போய் ஆதாரம் என்ன என்று கேட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். "ஐயா, இது நீங்களே நேரில் பார்த்ததுங்களா, இல்லை உங்க அப்பா சொல்லிக் கேட்டதுங்களா?" என்று கேட்டால் அவரே பிரித்துச் சொல்வார், பல சமயம், யாரிடம் போய்க் கேட்டால் உறுதியாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

கலை: பட்டறையின் சொற்களைக் கற்றல்

கலைக் கட்டுரையைக் கெடுப்பது புகழ்ச்சி. "இனிமையாக வாசித்தார்", "உயிரோட்டமான சிலை" போன்ற சொற்றொடர்களை எழுதுவதற்கு எங்கும் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். பட்டறைக்கும் கோயில் மண்டபத்துக்கும் போனவர் எழுதியது என்று தெரிய வேண்டுமானால், அங்கே புழங்கும் சொற்கள் கட்டுரையில் தம் இயல்பான இடத்தில் வந்து அமர வேண்டும்.

தொடக்க காலத்தில் ஒரு கோயில் திருவிழாவைப் பற்றி எழுதியபோது, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கப்பட்ட மல்லாரியின் "உருக்கமான வரிகள்" என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த வாரம் அந்த நாதஸ்வர வித்வான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தம்பி, மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாதே, வரி எங்கேருந்து கேட்டுச்சு உங்களுக்கு?" என்றார். கம்பீரநாட்டை ராகத்தில் வாசிக்கப்படும் அந்த உருப்படிக்குச் சொற்கள் இல்லை என்பதும், தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகை என்னும் நிவேதனத்துக்கு ஒன்று என்று மல்லாரி வேறுபடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அவரிடம் முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கட்டுரைக்கு அதுவே முதல் பத்தியாகியிருக்கும்.

நரசிங்கம்பேட்டைக்குப் போனால் கடைசல் ஆசாரியின் கையில் இருக்கும் மரத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். அது ஆச்சா மரம். பச்சை மரம் உதவாது. ஆண்டுக்கணக்கில் காய்ந்ததுதான் வெடிக்காமல் நாதம் தரும் என்பதால், இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்குவார்கள். இதைக் கேட்டவுடன் உங்களுக்கு அடுத்த கேள்வி எழ வேண்டும்: பழைய வீடுகள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்? 2022இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் கனமானது. குட்டையான திமிரி நாதஸ்வரம் போய் நீளமான பாரி நாதஸ்வரம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில் எப்படி நிலைபெற்றது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது இசையைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கி, மேடைக் கச்சேரியின் வரலாறாக விரியும். தவிலைப் பற்றி எழுதுபவர் அதன் இரண்டு முகங்களில் வலந்தலை எது, தொப்பி எது என்று தெரிந்துகொள்வதோடு நிற்காமல், நாற்பது ஆண்டுகள் அந்த ஓசைக்கு அருகிலேயே இருந்தவரின் காது எப்படி இருக்கிறது என்றும் கேட்கலாம். அவர் சொல்வதை எடுத்துக்கொண்டு காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனால் அது மருத்துவக் கட்டுரை.

செப்புத்திருமேனி வார்க்கும் சுவாமிமலையில் அரை நாள் போதாது. மெழுகில் உருவம் பிடிப்பது ஒரு நாள், காவிரி வண்டலை அதன் மேல் பூசிக் காயவைப்பது சில நாள், மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்ப்பது இன்னொரு நாள் என்று வேலை நடக்கும் முறைக்கு ஏற்ப நீங்களும் போய்வர வேண்டும். தென்னங்கீற்றை மடித்து மடித்து ஸ்தபதி அளவெடுப்பதைப் பார்க்காமல், சிலையின் அளவு முறையான தாளக் கணக்கைப் பற்றி எழுதாதீர்கள்.

செப்புத்திருமேனிகளைப் பற்றி எழுதுபவர் குற்றப் பின்னணியையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்து நடராசர் 1950களில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது போலி ஒன்று கோயிலுக்குத் திரும்பி வந்தது. அசல் அமெரிக்கா வரை போய் 1986இல்தான் நாடு திரும்பியது. கோயிலில் இருப்பது அசலா என்று ஐயம் எழும்போது பழைய நிழற்படமே பெரும் துணை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத் தொகுப்பு, திருடுபோன சிலைகளை அடையாளம் காணப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் எடுக்கும் படங்களிலும் ஊர், நாள், திசை ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள்.

இசை விழாக்களைப் பற்றி ஒரு சொல். தை மாதத்தில் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கு எல்லா இதழ்களும் ஆளனுப்பும். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் வரிசையின் படமும் எல்லாவற்றிலும் வரும். பெங்களூரு நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் தியாகராஜரின் சமாதியில் கோயில் எழுப்பியும், பெண்கள் பாட இடமில்லாமல் பெண்கள் கட்சி என்று தனியாக ஆராதனை நடத்த நேர்ந்த காலத்தை எழுதுபவர் எப்போதும் சிலரே. கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள்.

மருத்துவம்: ஒரே நோய்க்கு இரண்டு கணக்கு

மூன்று துறைகளில் பிழை செய்தால் பிறர் உடம்பில் போய் விழுவது இதில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மூலிகைக் கஷாயத்தைப் பற்றி, அதைத் தயாரித்தவர் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று அவர் சொன்னார். "கட்டுப்படுத்துகிறது" என்று நான் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்மணியின் கடிதம் வந்தது. அவருடைய தந்தை கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலில் புண் வைத்து மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் வீட்டாருக்கே அது தெரிந்திருக்கிறது. திட்டி ஒரு சொல்லும் அந்தக் கடிதத்தில் இல்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு, எந்த மருந்தைப் பற்றி எழுதினாலும் சில கேள்விகளைக் கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. சொல்பவர் மருத்துவரா, பதிவு பெற்றவரா, அந்த மருந்தை விற்பதில் அவருக்குப் பங்கு உண்டா? சோதனை நடந்தது என்றால் சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேர், எத்தனை நாள், மருந்து கொடுக்கப்படாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்களா? இந்தியாவில் மனிதர் மேல் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் பட்டியல் 2007 முதல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சோதனை நடந்தது என்று ஒருவர் சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். அலோபதிக்கு ஓர் அளவுகோல், சித்த மருத்துவத்துக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மரபு என்பதற்காக விலக்குக் கொடுப்பதும், மரபு என்பதற்காகவே ஏளனம் செய்வதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டத்தில் உண்டு. நீரிழிவு அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நீங்கள் எழுதுவது கட்டுரையா, கட்டுரை உருவில் வந்த விளம்பரமா என்று உங்களுக்கே தெளிவு பிறக்கும்.

எண்களைப் பார்ப்பதற்குப் பழக வேண்டும். "ஆபத்து பாதியாகக் குறைந்தது" என்ற வாக்கியம் ஆயிரத்தில் இருநூறு பேர் நூறாகக் குறைந்ததையும் குறிக்கும், ஆயிரத்தில் இரண்டு பேர் ஒன்றாகக் குறைந்ததையும் குறிக்கும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று இரண்டு பக்கமும் எழுதாமல் பாதி, இரட்டிப்பு போன்ற சொற்களைப் பயன்படுத்தாதீர்கள்.

நம் பகுதிக்கே உரிய நோய்களில் தொடங்குவது நல்லது, ஏனெனில் அங்கே நேரில் பார்த்துச் சரிபார்க்க முடியும். அறுவடைக் காலத்தில் வயலில் இறங்குபவர்களுக்குப் பாம்புக்கடி, மழைக்குப் பின் தேங்கிய நீரில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல், கும்பகோணத்துப் பெயரோடு முன்பு சேர்த்துப் பேசப்பட்ட யானைக்கால் என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அரசு மருத்துவமனைகளின் கணக்கு இதைவிட மிகக் குறைவு. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்: முதல் கணக்கு வீடு வீடாகப் போய் இறப்பின் சூழ்நிலையைக் கேட்டுத் தொகுத்ததிலிருந்து வந்த மதிப்பீடு, இரண்டாவது, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணியது. வழியிலேயே இறந்தவரும் மந்திரிக்கப் போய் இறந்தவரும் இரண்டாவதில் வர மாட்டார்கள். எப்படி எண்ணினார்கள் என்று கேட்ட மறுநிமிடமே கட்டுரையின் உண்மையான பொருள் கிடைத்துவிடுகிறது: உங்கள் தடத்தில் ஒரு வயலிலிருந்து நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது? தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருப்பதால், இனி இந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்பதைத் தொடர்ந்து கவனிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்; கேள்வியை வட்டாரம், ஆண்டு, எண்ணிக்கை என்று குறுக்கிக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

இப்படிப்பட்ட கட்டுரையில் வாசகர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும்: கடிபட்ட இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது, கை காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பெட்டிச் செய்தியாகப் போடும்படி உதவி ஆசிரியரிடம் கேளுங்கள், ஏனெனில் கட்டுரையைப் படிக்காதவர்களும் பெட்டியைப் படிப்பார்கள்.

நோயாளியின் பெயர் உங்களுடையதல்ல. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதும், மனநலச் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவ்வாறே வெளியிடுவதும் 2017இல் வந்த இரண்டு தனித்தனிச் சட்டங்களால் தடுக்கப்பட்டுள்ளன. சட்டம் போகட்டும், நம் ஊர்களில் பெயரை மாற்றினால் போதாது. "ஆற்றங்கரைத் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை" என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். தெரு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் எவை கட்டுரைக்குத் தேவையில்லையோ அவற்றை எடுத்துவிடுங்கள்.

வைத்தீசுவரன் கோயிலுக்கு வருபவர்கள் அங்கே பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டையை வாங்கிப் போவதைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். வந்தவர் என்ன செய்தார், என்ன நம்புகிறார், கூடவே எந்த மருத்துவரிடம் போகிறார் என்று எழுதுங்கள். குணமானது என்பதை உங்கள் சொல்லாக எழுதாதீர்கள். நம்புபவரை நகைக்கவும் வேண்டாம்.

வரலாறு: கல்லும் காகிதமும் பாட்டியின் நினைவும்

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அச்சிலும் பலமுறை வந்திருக்கிறது. ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் போய் நின்று பார்த்தால் நிழல் தாராளமாக விழுந்து கிடக்கும். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இப்படித்தான். அது பல கற்களை இணைத்து அமைத்தது. தமிழில் வரலாறு எழுதுபவர் முதலில் வெல்ல வேண்டியது இந்தப் பெருமித ஆசையை. 1010இல் முடிந்த அந்தக் கோயிலுக்குப் பொய்யான அதிசயம் எதுவும் தேவையில்லை. அதன் சுவர்களில், ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வருவித்துக் குடியமர்த்திய, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 கோயில் ஆடல் மகளிரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, அந்த ஊர்களுக்கு இன்று போய் வந்தாலே ஒரு கட்டுரை கிடைக்கும். கல்வெட்டின் பாடத்தைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் காணலாம்.

அதே கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார் என்பதை நான் புதிதாக வருபவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. தொள்ளாயிரம் ஆண்டுகளாக எத்தனையோ பேர் கடந்துபோன வழி அது. மருத்துவ வரலாற்றுக்கும் கல்வெட்டே முதல் ஆவணம்: தஞ்சாவூரில் சுந்தர சோழன் பெயரில் இருந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனைக்கு அவன் மகள் குந்தவை நிலம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தரங்கம்பாடியில் இருந்த குருண்ட்லர் என்ற ஜெர்மன் பாதிரியார் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றித் தம் மொழியில் எழுதிய கையெழுத்துப் படி ஹாலே நகரத்தில் இருக்கிறது. சரபோஜி காலத்து மருத்துவக் குறிப்புகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் சரஸ்வதி மகால் வெளியீடுகளாக அச்சில் கிடைக்கின்றன. மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் உள்ள மராட்டியர் கால ஆவணங்களின் தமிழாக்கத்தை 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அதை வாசிக்க மோடி எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. இவற்றோடு 1883இல் வந்த வெங்கசாமி ராவின் மாவட்டக் கையேட்டையும் 1906இல் வந்த, ஆங்கில அதிகாரி ஹெமிங்வேயின் கெசட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பையும் கையில் வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். கெசட்டியரை எழுதியவர்கள் வரி வசூலிக்க வந்தவர்கள் என்ற நினைவோடு வாசியுங்கள்.

காலக்கணக்கை மாற்றத் தெரியாமல் இந்த வட்டாரத்தில் வரலாறு எழுத முடியாது. நில ஆவணங்களில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சக ஆண்டு என்றால் 78 கூட்ட வேண்டும். பெரியவர்கள் ஆண்டுப் பெயரைச் சொல்வார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் அங்கே வழுக்கும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876இல் தொடங்கியது. ஆனால் 1936இலும் ஒரு தாது வந்தது. எனவே ஒரு பாட்டியிடம் வயதைக் கேட்காமல், 1952 புயலின்போது கல்யாணம் ஆகிவிட்டதா, மேட்டூர் அணை கட்டிய கதையை யாரிடம் கேட்டார், நாகப்பட்டினத்தை 1977இல் புயல் அடித்தபோது கடைசிப் பிள்ளை நடந்ததா தவழ்ந்ததா என்று கேளுங்கள். கணக்கு விழுந்துவிடும். நிலத்தின் அளவையும் அவர்கள் சொல்வதுபோலவே குறித்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்: நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி.

கசப்பான வரலாற்றுக்குத் தனி மரியாதை வேண்டும். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்து இறந்ததைப் பற்றி எழுத, ஆண்டுதோறும் அந்த மாதம் பிறந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். அச்சிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் ஏற்கெனவே உள்ளதை வாசிக்காமல் போய், உயிர் பிழைத்தவர்களின் குடும்பத்தாரை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வது கொடுமை. படித்துவிட்டுப் போங்கள், அச்சில் இல்லாத ஒன்றை மட்டும் கேளுங்கள், மௌனமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு எழுதுவதும் காசு வருவதும்

இதழ் ஆசிரியருக்கு "நாதஸ்வரத்தைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டு எழுதினால் பதில் வராது. "பழைய வீடுகள் இடிபட்டுக் கிடைக்கும் ஆச்சா மரத்தை நம்பியிருக்கும் நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளில் மரம் கிடைப்பது எப்படி இருக்கிறது என்பதை நான்கு பட்டறைகளில் பேசி எழுத முடியும், படங்கள் என்னிடம் உள்ளன, 1,200 சொற்கள், இருபது நாளில் தருவேன்" என்று ஆறு வரி எழுதுங்கள். உங்கள் கேள்வி என்ன, யாரிடம் பேச முடியும், எப்போது தருவீர்கள் என்பன மூன்றும் அதில் இருக்க வேண்டும். காலத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்: தீபாவளி மலருக்கு ஆடியிலேயே கேட்டுவிட வேண்டும், ஆராதனைக்குக் கார்த்திகையில்.

நீண்ட திட்டம் ஒன்றும் கையில் இருக்கட்டும். கும்பகோணத்தில் 2016இல் நடந்த மகாமகம் அடுத்து 2028இல் வரும். 1992இல் நெரிசலில் உயிர்கள் போன விழா அது. குளத்தின் வரலாறு, அத்தனை பேர் நீராடும் நீரின் தூய்மை, கூட்டத்துக்கான மருத்துவ ஏற்பாடு, அப்போது மண்டபங்களில் வாசிப்பவர்கள் என்று மூன்று துறையும் ஒரே குளத்தில் இறங்குகின்றன. விழா மாதத்தில் எல்லோரும் எழுதுவார்கள். இப்போதே கோப்பைத் திறந்தவரிடம்தான் ஆசிரியர்கள் அன்று தொலைபேசியில் கேட்பார்கள்.

சன்மானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், தனித்து எழுதுபவருக்கு இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது முதல் சில ஆண்டுகளில் இயலாது. நான் பத்தாண்டுகள் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு, பாடநூல் திருத்தம், நிறுவன மலர்த் தயாரிப்பு என்று பக்கத்தொழில் ஒன்று பலருக்கும் உண்டு. ஆனால் மருத்துவமனையின் விளம்பர மலரை எழுதிக் கொடுத்துவிட்டு அதே மருத்துவமனையைப் பற்றி இதழில் எழுதாதீர்கள். எழுத நேர்ந்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுதுவதற்கு முன்பே சன்மானம் எவ்வளவு, எப்போது, படத்துக்குத் தனியாக உண்டா என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறர் எடுத்த பழைய படத்தைப் பயன்படுத்தும்போது உரிமையைப் பாருங்கள். நூல்களுக்கு ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு வரை இந்தியச் சட்டப்படி உரிமை நீடிக்கிறது.

கட்டுரையை அனுப்பும் முன் ஒருமுறை அச்செடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எண்ணுக்கும் ஆண்டுக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டு, அது நோட்டுப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் வாக்கியத்தில் சொன்னவர் இருக்கிறாரா என்று பாருங்கள். முழுக் கட்டுரையை யாருக்கும் முன்கூட்டிக் காட்ட வேண்டாம். மருத்துவர் விளக்கிய பகுதியையும், ஆசாரி சொன்ன வேலைமுறைப் பகுதியையும் மட்டும் தொலைபேசியில் வாசித்துக் காட்டி, பொருள் சரியா என்று கேட்கலாம். நடையை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பொருள் பிழையென்றால் நன்றி சொல்லித் திருத்துங்கள். அச்சில் வந்தபின் பிழை தெரிந்தால் நீங்களே ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்லுங்கள்.

இதழ் வெளிவந்த வாரம் கூடுதலாக ஐந்தாறு பிரதிகள் வாங்கி, பேசியவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். இணையத்தில் இருக்கிறது என்று இணைப்பை அனுப்பினால் பட்டறையில் இருப்பவர்கள் நன்றி என்று பதில் போடுவார்கள். கையில் இதழைக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து படித்து, மூன்றாவது பத்தியில் நீங்கள் விட்டுவிட்டதைச் சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக மறக்க வேண்டாம்.